எதைப் பார்த்தால் நிறுத்துவாய்?

மேற்பார்வை என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. போன மாதம் இங்கே ஆக்லாந்தில், நியூ லின்னில் ஒரு வீட்டு விசேஷத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அப்படி இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் தமிழ்நாட்டில் பிசியோதெரபி பட்டம் வாங்கியவர்கள். இங்கே பிசியோதெரபிஸ்டாகப் பதிவு கிடைக்கும்வரை மருத்துவமனையில் உதவியாளர் வேலை பார்க்கிறார்கள். ஆக்லாந்தில் இது புதிய கதை இல்லை.

"நாலரை வருஷம் படிச்சிட்டு வந்து, ஒரு பேஷண்டுக்கு வாக்கரை மாத்தி ஸ்டிக் குடுக்கணும்னாகூட இன்னொருத்தர்கிட்ட கேக்கணுமாம் ஆன்ட்டி. இதுல இப்ப வீடியோவிலேயே மேற்பார்வை பண்ணலாமான்னு வேற பேச்சு நடக்குது. நீங்க எப்படித்தான் காலம் பூரா இதைப் பொறுத்துக்கிட்டீங்க?" என்றாள் ஒருத்தி.

கையில் தட்டு, வாயில் வடை. பதில் சொல்ல வசதிப்படவில்லை. சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து புடவையை மடிக்கும்போதுதான் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டேனாம்! நான் என்ன மாமியார் வீட்டிலா இருந்தேன்? பெருமையாகச் செய்த வேலை அது. அதைச் சொல்ல ஒரு வடை தின்னும் நேரம் போதாது என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் செண்பகம். கோவில்பட்டிக்காரி. மதுரையில் படித்து, அங்கேயே ஓர் எலும்பு மருத்துவமனையில் சில காலம் வேலை பார்த்து, கல்யாணமாகி, கணவருக்கு எல்லர்ஸ்லியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததால் அவர் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். ஒனிஹங்காவில் குடியேறினோம். இங்கே பதிவு வாங்கியே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். மகள் பிறந்தாள், மகன் பிறந்தான், விண்ணப்பத்தை ஒத்திப் போட்டேன். பிறகு ஒரு கட்டத்தில் ஒத்திப் போடுவதையும் நிறுத்திவிட்டேன். செய்துகொண்டிருந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இதைச் சொன்னால் நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள். "நீங்க பிசியோவா?" என்று கோயிலில் கேட்பார்கள். "பிசியோ உதவியாளர்" என்பேன். "ஓ" என்பார்கள். அந்த 'ஓ' இருக்கிறதே, பாதி அனுதாபம், பாதி நிம்மதி. என் பெரியப்பா மகள் பொங்கலுக்குப் பொங்கல் சென்னையிலிருந்து போன் போட்டு, "இன்னும் அசிஸ்டெண்டாத்தான் இருக்கியாடி?" என்பாள். "ஆமா, நீ இன்னும் எனக்கு அக்காவாத்தானே இருக்க" என்று நானும் விடாமல் சொல்வேன்.

விதி எளிமையானது. நோயாளியைப் பரிசோதித்து, குறை என்ன, அதற்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு என்று முடிவு செய்பவர் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட். அந்தத் திட்டத்தில் ஒரு பகுதியை அவர் உதவியாளரிடம் ஒப்படைக்கலாம். உதவியாளர் அதைச் செய்யலாம்; கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நோயாளியின் நிலையைப் பற்றித் தன் முடிவை எழுதக் கூடாது. ஏதாவது மாறினால் நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எட்டுகிற இடத்தில் அவர் இருக்க வேண்டும். என்ன ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இந்தக் கடைசி வரியை நம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. விதி எங்களை மட்டும் கட்டவில்லை. எங்களைவிட அதிகமாக அவரைக் கட்டுகிறது.

என்னை மேற்பார்வை செய்தவர் சியோனே. டோங்காத் தீவில் பிறந்து ஆக்லாந்தில் வளர்ந்தவர். வாசல் நிலையில் தலை இடிக்குமோ என்று நமக்குப் பதற்றமாக இருக்கும், அப்படி ஓர் ஆகிருதி. குரலோ, தூங்கும் குழந்தையின் அறையில் பேசுகிற குரல். முதல் நாள் பழக்கதோஷத்தில் "சார்" என்றேன். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "சியோனே" என்று வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு அந்த வருஷம் முழுக்க ஆயிற்று. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் மனதில் அது தமிழாகத்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது முதியோருக்கான மறுவாழ்வு வார்டு. இடுப்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நெடுநாள் படுத்துக் கால் வலுவிழந்தவர்கள். காலையில் நர்ஸ்கள் மேஜையின் ஒரு மூலையில் சியோனே நின்றுகொண்டு அன்று எனக்கு ஒப்படைக்கும் நோயாளிகளை ஒவ்வொருவராகச் சொல்வார். சொல்லி முடித்ததும் நான் கிளம்பிவிட முடியாது. அவர் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும்.

"என்ன செய்யப்போற?"

"கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு. அப்புறம் நாற்காலியில உக்காந்தபடியே முழங்கால் நீட்டுற பயிற்சி."

"எதைப் பார்த்தா நிறுத்துவ?"

"முகம் வெளுத்தா, மூச்சு வாங்கினா, புதுசா வலின்னு சொன்னா, அந்தக் கால்ல அளவுக்கு மேல எடை போட்டா."

"நிறுத்திட்டு எங்க இருப்ப?"

"அவர் பக்கத்துல."

கடைசிக் கேள்வி முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேறு எங்கே போவேன்? ஆனால் பதறுகிற மனுஷி போனைத் தேடி ஓடத்தான் பார்ப்பாள். ஓடாதே, மணியை அழுத்து, நோயாளியை விட்டு நகராதே என்பதுதான் அதன் பொருள். தினமும், ஒவ்வொரு நோயாளிக்கும் இதே கேள்விகள். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலும் கேட்டார், எனக்குத் தலை நரைத்த பிறகும் கேட்டார். ஒரு நாள் எரிச்சலில், "இன்னுமா என் மேல நம்பிக்கை வரல?" என்றேன். "உன் மேல நம்பிக்கை இருக்கு. அதனாலதான் நான் உன்னை விட்டுட்டு அடுத்த வார்டுக்குப் போறேன். போறதுக்கு முன்னால நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பாக்கிறேன்" என்றார். பரீட்சை எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்காம்!

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வேலை முடிந்து வந்தால் "எப்படி இருக்கார்?" என்று கேட்க மாட்டார். "என்ன பாத்த?" என்பார். "நல்லா நடந்தார்" என்று சொன்னால் பேனாவை மூடிக் கீழே வைத்துவிடுவார். "நல்லா" என்பதை அவரால் எழுத முடியாதாம். கழிப்பறை வாசல்வரை நடந்தார், நடுவில் நின்று மூச்சு வாங்கினார், திரும்பும்போது வலது பாதம் தரையைத் தேய்த்தது என்று சொன்னால் பேனா திறக்கும். நாளாக ஆக, வீட்டில்கூட என் பேச்சு அப்படி ஆகிவிட்டது. "சாம்பார் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்று சொல்லும் என் கணவரை நான் முறைக்க ஆரம்பித்தேன்.

ஒரு முறை ஓர் அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். தொட்டால் சூடு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. படித்த படிப்பு உள்ளே இருந்து, 'இது வெறும் தசைப்பிடிப்பு, தேய்த்துவிட்டுத் தொடரு' என்றது. நிறுத்தினேன். மணியை அழுத்தினேன். சியோனே மாடிப்படியில் இறங்கி அந்த உடம்போடு மூச்சிரைக்க வந்தார். டாக்டரும் வந்தார், ஸ்கேனும் எடுத்தார்கள். காலில் இரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தான கட்டி ஒன்றும் இல்லை, வெறும் தசைப்பிடிப்புதான். எனக்கு அவமானமாக இருந்தது. அத்தனை பேர் நேரத்தையும் வீணாக்கிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்கப் போனேன். சியோனே நன்றி சொன்னார். "இல்லாததுக்கு நீ கூப்பிட்டா எனக்குப் படி இறங்குற தேகப்பயிற்சி. இருக்கிறதுக்கு நீ கூப்பிடாம விட்டா அந்தம்மாவுக்கு உயிரே போயிடும்" என்றார். அன்றிலிருந்து கூப்பிடுவதற்கு நான் கூச்சப்பட்டதே இல்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கனகசபை ஐயா வந்தபோது இந்தப் பழக்கம் எங்கள் இரத்தத்தில் ஊறியிருந்தது. இல்லாவிட்டால் அவர் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே நீதிமன்றத்தில் இலிகிதராக, நம் பேச்சில் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வதனி கூப்பிட்டுக்கொண்டதால் மனைவியோடு இங்கே வந்து நியூ லின்னில் இருந்தார். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் வார்டுக்கு வந்தார். எலும்பு சேரும்வரை அந்தக் காலில் பாதி எடைக்கு மேல் போடக் கூடாது என்பது அறுவை மருத்துவரின் உத்தரவு. உதவிக்கு ஆள் இல்லாமல் எழவே கூடாது.

ஐயாவோ எழுந்துகொண்டே இருந்தார்.

அவர் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டிருந்தோம். உட்கார்ந்தவர் எழுந்தால் மணி அடிக்கும். அது அடிக்காத நாள் இல்லை. நர்ஸ்கள் ஓடி வருவார்கள், "ஏன் எழுந்தீங்க?" என்பார்கள். அவர் ஆங்கிலத்தில் "சாரி, சாரி, மறந்துவிட்டேன்" என்பார். எனக்கும் அதே பதில்தான், தமிழில்: "மன்னியுங்கோ பிள்ளை, மறந்துபோனன்." அறுவை முடிந்த முதல் சில நாட்கள் மயக்க மருந்தின் வேகத்தில் அவருக்கு உண்மையாகவே குழப்பம் இருந்தது. இரவில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மருத்துவமனையைக் கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், என்றார். ஆகவே குறிப்புகளில் ஒரு படம் உருவாகிவிட்டது. திடீரென எழுகிறார், சொன்னதை மறக்கிறார், ஆபத்து புரியவில்லை. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குறிப்புகளைப் படித்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்தப் படம் போய் முடியும் இடம்தான் பயங்கரமானது. வீட்டில் வயதான மனைவி மட்டும். மகள் வேலைக்குப் போகிறவள். மறதியுள்ள ஒருவர் முறிந்த காலோடு எழுந்துகொண்டே இருந்தால் வீட்டுக்கு எப்படி அனுப்புவது? பூட்டிய கதவுள்ள முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாம் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. குடும்பத்தை வைத்துப் பேச ஒரு கூட்டமும் அடுத்த வாரத்துக்கு ஏற்பாடாயிற்று. அங்கே அவருக்குத் தமிழ் பேச ஆள் இல்லை, மனைவி பக்கத்தில் இல்லை. போனால் திரும்புவாரா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வதனி ஒரு நாள் என்னை நடைபாதையில் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, நீங்களும் ஊரில டிகிரி எடுத்த பிசியோ எண்டு அம்மா சொன்னவ. ஓமோ?"

"ஆமா."

"அப்ப அப்பாவுக்கு மூளைக் குழப்பம் இல்லையெண்டு ஒரு வசனம் எழுதிவிடுங்கோவன். நீங்கள் தமிழ். உங்களோட அப்பா எவ்வளவு வடிவாக் கதைக்கிறார். நீங்கள் சொன்னால் அவையள் கேப்பினம்."

"அதை நான் எழுத முடியாதும்மா. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. நான் பாத்ததை சியோனேகிட்ட சொல்றேன். அவர் முடிவு பண்ணுவார்."

"அதிகாரம் இல்லையோ, மனம் இல்லையோ?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. திரும்பி நடந்துவிட்டாள்.

எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். அவள் கேட்டது பெரிய காரியமும் இல்லை, ஒரு வரி. ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை எப்படி எழுதுவது? அவர் என்னோடு நன்றாகப் பேசினார், உண்மை. நன்றாகப் பேசுகிற மறதிக்காரர்களை அந்த வார்டில் எத்தனையோ பார்த்தவள் நான். அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை வேறு, தெரிவது வேறு. ஆகவே எனக்கு அனுமதி உள்ள ஒரே வேலையைச் செய்தேன். பார்த்தேன்.

துப்புரவு செய்பவர் வந்தார், ஐயா அசையவில்லை. சாப்பாட்டுத் தட்டு கொண்டுவரும் பெண் வந்தாள், ஒரு புன்னகை. நர்ஸ்கள் வந்தார்கள், போனார்கள், மணி அடிக்கவில்லை. நான் போனால், "வாங்கோ பிள்ளை, இண்டைக்கு என்ன பாடம்?" என்று சாய்ந்தபடியே கேட்பார். வார்டின் தலைமை மருத்துவர், உயரமான ஓர் அம்மா, வாசலில் காலை வைத்தார், மணி அடித்தது. மருத்துவமனைப் பாதிரியார் எட்டிப் பார்த்தார், மணி அடித்தது. சியோனே வந்தார், மணி. ஒரு நாள் தொலைக்காட்சியைச் சரிசெய்ய ஒருவர் வந்தார். பாவம், அன்று என்ன விசேஷமோ, டை கட்டியிருந்தார். அவருக்கும் மணி அடித்தது!

அந்தத் தொலைக்காட்சிக்காரர் வந்தது என் பயிற்சி நேரத்தில். ஐயா முறிந்த காலில் முழு எடையையும் போட்டு எழுந்துவிட்டார். பிடிமானத்துக்காக அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தேன். பயிற்சியை நிறுத்தினேன். அழைப்பு மணியை அழுத்தி, பக்கத்திலேயே நின்றேன். சியோனே வந்தார். வாசலில் அவர் உருவம் தெரிந்ததும் ஐயாவின் கைகள் நாற்காலிக் கைப்பிடியை அழுத்தின; உடம்பு மேலே வந்தது. சியோனே சட்டென்று பின்வாங்கி, சுவருக்கு அப்பால் மறைந்துகொண்டு, அங்கிருந்தே கேட்டார்.

"என்ன பாத்த?"

நாக்கு நுனியில் இருந்தது, 'இவருக்குக் குழப்பமே இல்லை, சியோனே' என்று. விழுங்கினேன். யார் யார் வந்தபோது எழுந்தார், யார் வந்தபோது எழவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். டையையும் சேர்த்துத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பேனா திறக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு ஒரு தடவைகூட எழுந்திரிக்கலையா?"

"இல்ல."

"உங்க ஊர்ல எழுந்து நிக்கிறதுன்னா என்ன?"

"மரியாதை. பெரிய அதிகாரி, சாமியார், வாத்தியார் வந்தா எழுந்திரிக்கணும். உக்காந்தே இருந்தா திமிர்னு அர்த்தம்."

அடுத்து அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தப் பெரிய உடம்பைக் குனிந்து சுருக்கிக்கொண்டு உள்ளே வந்து, வாசலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, என்ன பிள்ளை இது, அவர் நிலத்தில இருக்கிறார்!" என்று என்னைப் பார்த்தார். ஆனால் எழவில்லை. தரையில் இருப்பவருக்கு எழுந்து நிற்பதா வேண்டாமா என்று அவருடைய சட்டத்தில் எழுதவில்லை போலிருக்கிறது.

சியோனே சொன்னார்: "எங்க நாட்டுல பெரியவங்க முன்னால நின்னாத்தான் மரியாதைக் குறைவு. உக்காரணும், தலை தாழ்ந்து இருக்கணும். எங்க தாத்தா இங்க இருந்தா, இவர் நின்னதுக்குக் கோவிச்சுக்கிட்டிருப்பார்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் ஐயா வாய்விட்டுச் சிரித்தார். அந்த வார்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இனிமேல் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றார் சியோனே. "நான் மொழிபெயர்க்கட்டுமா?" என்றேன். கூடாது என்றார். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். அவர் செய்தது சரி. நான் மொழிபெயர்த்திருந்தால் என் ஆசையும் கூடவே மொழியாகியிருக்கும். வந்தவர் ஒரு மலேசியத் தமிழர். நான் ஓரமாக நின்றேன். ஏன் 'மறந்துவிட்டேன்' என்று சொன்னீர்கள் என்று கேட்டபோது ஐயாவுக்குக் கூச்சம்.

"டொக்டர் வந்தபடியாலதான் எழும்பினனான் எண்டு டொக்டரிட்டயே சொல்லேலுமோ? அது அவவில பிழை போடுற மாதிரியெல்லோ. அதுதான் மறந்துபோனன் எண்டு சொன்னனான்."

அவர் நாகரிகத்துக்குச் சொன்ன பொய் அவருடைய மருத்துவக் குறிப்பில் மறதியாகப் போய் உட்கார்ந்திருந்தது. சியோனே அதை அப்படியே எழுதி, தலைமை மருத்துவரிடம் முன்பு ஆங்கிலத்தில் செய்திருந்த நினைவாற்றல் சோதனையை மொழிபெயர்ப்பாளரோடு மீண்டும் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் இதோடு முடியவில்லை. காரணம் தெரிந்தால் மட்டும் போதுமா? ஐயா இனி எழ மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அன்று மத்தியானமே பாதிரியார் வந்தார், மணி அடித்தது. "நான் என்ன செய்ய பிள்ளை, கால் தன்ர பாட்டில எழும்புது" என்றார் அழாத குறையாக. மரியாதையினால் எழுந்தாலும் மறதியினால் எழுந்தாலும் எலும்புக்கு ஒன்றுதான். கூட்டத்துக்கு நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

சியோனே என்னிடம் கேட்டார்: "நிக்காம மரியாதை காட்ட உங்ககிட்ட வேற வழி இல்லையா?"

"கும்பிடுவோம்" என்று கை குவித்துக் காட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். கும்பிடச் சொன்னார். "இப்ப அப்படியே எழுந்திரி" என்றார். எழுந்தேன், எனக்கென்ன, என் கால் நல்ல கால். "இடுப்பு உடைஞ்ச ஆள் மாதிரி எழுந்திரி" என்றார். கைப்பிடியை அழுத்தாமல் எப்படி எழுவது? கை இரண்டும் நெஞ்சில் இருக்கிறதே! அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

திட்டம் எழுதினார். அறைக்குள் யார் வந்தாலும் முதலில் கும்பிட வேண்டும். வந்தவர் உட்காரும்வரை கையைப் பிரிக்கக் கூடாது. அதைப் பழக்கும் வேலை எனக்கு ஒப்படைக்கப்பட்டது. வழக்கமான கேள்விகளும் கேட்கப்பட்டன, நானும் பதில் சொன்னேன். ஆனால் ஒரு சிக்கல். எனக்குத்தான் அவர் எழவே மாட்டாரே, நான் எப்படிப் பழக்குவது? பாதிரியாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் குஷியாகிவிட்டார். வாசல் வழியாக வருவதும் போவதுமாக, கோயில் நாடகத்தில் வேஷம் கிடைத்தவர் மாதிரி அத்தனை ஈடுபாடு. நான் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி, "கை, ஐயா, கை!" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். முதல் நாள் தொடை துடித்தது, கை கைப்பிடிக்குத்தான் போனது. பிறகு கை பாதி வழியில் நின்று நெஞ்சுக்கு வந்தது. பிறகு நான் சொல்லாமலே வந்தது.

கூட்டத்தன்று காலை தலைமை மருத்துவர் தன் பரிவாரத்தோடு வந்தார். வதனியும் அவள் அம்மாவும் சுவரோரம் நின்றார்கள். ஐயாவை எங்கேயும் தொடக் கூடாது, அருகில் மட்டும் நில் என்று சியோனே என்னிடம் சொல்லியிருந்தார். மருத்துவர் உள்ளே வந்தார். ஐயாவின் முதுகு நாற்காலியை விட்டு விலகியது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அத்தனை வருஷப் பழக்கம் அவரைத் தூக்கப் பார்த்தது. கைகள் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தன. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் கை குவித்தார். மணி அடிக்கவில்லை. வதனியின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நினைவாற்றல் சோதனையும் வயதுக்கு ஏற்றபடி நன்றாகவே வந்திருந்தது. வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று பேசி, வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. இதை யார் கண்டுபிடித்தது என்று மருத்துவர் கேட்டார். "செண்பகம் பாத்தா, நான் பரிசோதிச்சேன். அந்த வரிசையிலதான்" என்றார் சியோனே. என் வேலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

வீடியோ மேற்பார்வை பற்றி என்னைக் கேட்டால், தூரம் எனக்குப் பிரச்சினை இல்லை. சியோனேயும் பாதி நேரம் அடுத்த வார்டில்தான் இருந்தார். ஆனால் மேற்பார்வை செய்கிறவர் ஒழுங்காகக் கேட்கிறாரா, தேவைப்பட்டால் வந்து தரையில் உட்காருகிறாரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் உங்கள் கைகள் கட்டப்பட்டிருப்பதாக உங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

ஐயா வீட்டுக்குப் போகும் நாளன்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கூட்டிப்போனேன். வதனி காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நடைபாதையில் பேசியதற்குப் பிறகு அவள் என்னிடம் சரியாக முகம் கொடுத்திருக்கவில்லை. இப்போது கிட்டே வந்தாள்.

"அக்கா, இப்பவாவது சொல்லுங்கோ. அப்பாவுக்குக் குழப்பம் இல்லையெண்டு உங்களுக்கு முதலே தெரியும்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கும் கொஞ்சம் பெருமை சேர்ந்திருக்கும்.

"இல்லம்மா. எனக்குத் தெரியாது. நான் பாத்ததை மட்டும்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் முகம் மறுபடி வாடுவதற்குள் ஐயா குறுக்கிட்டார்.

"பிள்ளையைக் குடையாதை வதனி. நான் கோட்டில எத்தினை சாட்சியைக் கண்டனான். முக்கால்வாசிப் பேர் தீர்ப்பையும் தாங்களே சொல்லிப்போட்டுத்தான் சாட்சிக் கூட்டால இறங்குவினம். கண்டதைச் சொல்லிப்போட்டு வாயை மூடுற சாட்சி அருமை. அப்பிடி ஒரு ஆள் வந்தால் நீதவான் பேனையைக் கீழ வைச்சிட்டு நிமிர்ந்து பாப்பார். இவ அந்த மாதிரி ஆள்."

வதனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் திருப்பத்தில் மறையும்வரை நின்றிருந்துவிட்டு வார்டுக்குத் திரும்பினேன். மதுரையில் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை.